தோன்றா எழுவாய்

மே 3, வெள்ளி

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். "இனிமே இங்க வச்சுப் பிரயோசனம் இல்ல டீச்சர், வீட்ல நல்லாப் பாத்துக்கங்க" என்றார் டாக்டர். காலமெல்லாம் குவாரியில் கல் உடைத்தவருக்கு நுரையீரல் முழுக்கப் பாறைத்தூள். எக்ஸ்ரேயை எனக்குக் காட்டினார். பார்த்தேன் என்று சொன்னேன், பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானே பார்த்துக்கொள்கிறேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். வீட்டில் இருந்த பழைய சேலையெல்லாம் அம்மா கிழித்து மடித்து வைத்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளி ஆனதால் எங்கள் பங்குக் குரு தனிஸ்லாஸ் சாமி பைக்கில் வந்து, ஆண்டவரின் உடலான அப்பத்தை அப்பாவுக்கு நன்மையாகக் கொடுத்தார். நல்ல மனிதர், கவிதை எழுதுவார், யாரையும் நோகப் பேசமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. அப்பா அப்பத்தை விழுங்கி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்:

"ஏஞ்சாமி, ஆண்டவரே நம்ம தெருவுக்குள்ள பைக்குல வந்துட்டாரு. இந்தக் குதிரைக்காரருக்கு மட்டும் வழி தெரியலயாக்கும்?"

குதிரைக்காரர் என்றால் சந்தியாகப்பர், எங்கள் ஊர்ப் பாதுகாவலர். ஜூலை இருபத்தைந்து திருவிழாவில் குதிரைமேல் உட்கார்ந்து சப்பரத்தில் வருவார். மேலத்தெரு, நடுத்தெரு எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் கீழத்தெரு முனையில் இருக்கும் அடிபம்பு வரை வந்து திரும்பிவிடுவார். நாங்கள் நேர்ச்சை உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு பம்புக்கு ஓடி, அங்கே நின்று சப்பரத்தில் போட வேண்டும். எல்லாரும் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். சாதி அந்தத் தண்ணீரில் கரையவில்லை, அவ்வளவுதான்.

அப்பா ஒரு வருடமும் பம்புக்குப் போனதில்லை. வீட்டு வாசலிலேயே நிற்பார். "வர்றவரு வரட்டும்" என்பார்.

சாமி சிரித்தார். "அடுத்த வருசம் பாப்போம் சூசைமாணிக்கம்" என்றார்.

"அடுத்த வருசம் நான் பாக்க மாட்டேனே" என்றார் அப்பா.

மே 4, சனி

தண்ணீர் வந்தது. குடம், அண்டா, வாளி எல்லாம் பிடித்தேன்.

மே 11, சனி

அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். வலது கையில் நாலு நகம்தான். அந்தக் கையின் கட்டைவிரல் நுனியை, நான் பிறப்பதற்கு முன்பே ஒரு வெடி கொண்டுபோய்விட்டது. வீட்டில் அதற்கு 'மொட்டை' என்று பெயர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது நான் மொட்டையைத்தான் பிடித்துக்கொண்டு போவேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு மொட்டை இல்லையே என்று பாவப்பட்டது நினைவிருக்கிறது.

சாமி இன்றும் வந்தார். முதல் வெள்ளி இல்லாத நாளிலும் வருகிறார். அப்பாவோடு பேச அவருக்குப் பிடித்திருக்கிறது போல. குவாரிக் கதை கேட்கிறார், அப்பா வெடிச்சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டிவிட்டு இருமுகிறார். போகும்போது சாமி மெதுவாக ஆரம்பித்தார்:

"எண்ணெய் பூசிடலாமா சூசைமாணிக்கம்? அவஸ்தை பூசுறதுன்னு சொல்வீங்களே. அது சாவுக்கு மட்டும்னு இல்ல, நோய்க்கும் நல்லது."

"அவஸ்தை எங்கிட்டயே நெறய இருக்கு சாமி. நீங்க வேற வந்து பூசணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாதான் முறைத்தாள்.

அப்பா அதோடு விடவில்லை. "குதிரைக்காரரு இந்தத் தெருவுக்குள்ள வர்ற அன்னிக்குப் பூசுங்க. அதுவரைக்கும் வேணாம்."

மே 24, வெள்ளி

அம்மாவோடு சண்டை. எண்ணெய் பூசாமல் போனால் ஆத்துமம் என்னாவது என்று அழுகிறாள். "நீ சொன்னா கேப்பாருடி, சொல்லேன்" என்கிறாள். சொல்லமாட்டேன் என்றேன். மனுசன் வாழ்க்கை முழுக்கக் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்காதவர்கள் எண்ணெயை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அதை வாங்காமல் போனால் போகட்டும். என் அப்பா ஆத்துமத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. விறகு அடுப்பு மூட்டினேன். புகை ஆகாது என்று வெளியே கொண்டுபோய் வைத்துச் சமைத்தேன். கண் எரிந்தது, புகைதான்.

ஜூன் 7, வெள்ளி

முதல் வெள்ளி. சாமி நன்மை கொண்டுவந்தார். அப்பா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, பேச்சு காற்றாகத்தான் வருகிறது. எங்களைப் பார்த்து வெளியே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். சாமியிடம் தனியாகப் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்று புரிந்துகொண்டோம். கதவைச் சாத்தினோம்.

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கீரை முழுக்க ஆய்ந்து முடித்தும் கதவு திறக்கவில்லை. அப்பாவுக்கு அவ்வளவு பாவமா என்று எனக்கே ஆச்சரியம்.

கடைசியில் சாமி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, நெற்றி பளபளவென்று மின்னியது. நல்ல வெயில். ஹெல்மெட்டைத் திண்டிலேயே மறந்துவிட்டுப் பைக்கை எடுத்துப் போய்விட்டார்.

அம்மா உள்ளே ஓடினாள். "பூசியாச்சா?" என்று கேட்டாள். அறையெல்லாம் எண்ணெய் வாசம்.

"பூசியாச்சு" என்றார் அப்பா.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏமாந்த மாதிரி. குதிரைக்காரர் வராமலே பூசிக்கொண்டுவிட்டாரே என்று. பாவம், உடம்பு முடியவில்லை, பணிந்துவிட்டார். யாருக்குத்தான் பயமிருக்காது?

போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் காதில், "இந்த வருசம் வரும் பாரு" என்றார். எது என்று நான் கேட்கவில்லை. பிதற்றுகிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

அப்பா போய்விட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று அடக்கம். பந்தல்காரர், நாற்காலி, காபி, எல்லாவற்றையும் நானே பார்த்தேன். அழ நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பெட்டியை மூடுவதற்கு முன் தனிஸ்லாஸ் சாமி அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஊரே பார்த்தது. நாடகம் என்று எனக்குப் பட்டது.

கல்லறையில் சிங்கராயர் பக்கத்தில் வந்து நின்றார். மேலத்தெருக்காரர், கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையின் தலைவர், சப்பரத்தின் முன்கம்பைத் தோளில் தாங்கும் உரிமை பரம்பரையாக அவர் வீட்டுக்குத்தான். "பரவால்ல டீச்சர், எம்புட்டு வம்பு பேசுனாலும் கடைசியில வழிக்கு வந்துட்டாரு. சாமி பூசிட்டாராம்ல? நல்ல சாவு" என்றார்.

நான் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 8, திங்கள்

திருவிழா மலர் அச்சாகி, நான் வேலை பார்க்கும் ஊருக்குத் தபாலில் வந்திருக்கிறது. சிங்கராயரே ஸ்கூலுக்குப் போன் செய்தார். "ஒங்கப்பாவப் பத்தி சாமி கவிதை எழுதியிருக்காரு டீச்சர். பேர் போடல, ஆனா அவர்தான்னு எல்லாருக்கும் தெரியும். நாந்தான் தலைப்பு குடுத்தேன். திருவிழா அன்னிக்கு மேடையில நீங்களே வாசிச்சுருங்க. மக வாயால வந்தா அம்சமா இருக்கும்."

சிங்கராயர் கொடுத்த தலைப்பு: 'பணிந்த உள்ளம்'. அதற்குக் கீழே:

*அப்பத்தில் வந்தவர் தெருவெது கேட்டிலர்.*
*கல்லை உடைத்தவர் கட்டிலில் கிடந்தார்;*
*அப்பம் கொணர்ந்தவர் அருகில் அமர்ந்தார்;*
*மன்னியும் என்றார்; தலைமிகத் தாழ்ந்தார்;*
*குறைவிரல் ஒன்று நெற்றியின் மீது*
*சிலுவை வரைந்தது; கண்ணீர் உகுத்தார்;*
*எழுந்தார், நடந்தார், வெளியே வெயில்.*

பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பத்திக்கொண்டு வந்தது. என் அப்பா தலை தாழ்ந்தாராம். மன்னிப்புக் கேட்டாராம். அழுதாராம். சாமி தன் விரலைக் 'குறைவிரல்' என்று தாழ்த்திக்கொண்டு பெரிய மனசோடு சிலுவை போட்டாராம். தன்னடக்கம் வேறு! கடைசியில் அப்பா எழுந்து மோட்சத்துக்கு நடந்தாராம். பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை இப்படியா அச்சடித்து ஊருக்கு விற்பது?

வாசிக்க மாட்டேன். செத்தாலும் வாசிக்க மாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து அப்பா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாளாம். போனில் சொன்னாள். பிய்த்துப் போடு என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 11, வியாழன்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று தோன்றா எழுவாய். வாக்கியத்தில் செய்தவர் பெயர் இருக்காது, வினைமுற்றை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். போர்டில் எழுதிப்போட்டேன்: 'மாறன் ஊன்றிப் படித்தான். தேர்வு எழுதினான். வென்றான்.'

"எழுதினது யாரு?" என்று கேட்டேன்.

"மாறன் டீச்சர்."

"பேரு இல்லையே, எப்படித் தெரியும்?"

"முந்தின வாக்கியத்துல அவன்தான இருக்கான். வேற ஆள் நடுவுல வரலையே."

சரி, உட்காருங்கள் என்றேன். அடுத்த வாக்கியம் எழுதக் கையைத் தூக்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

முந்தின வாக்கியத்தில் யார் இருக்கிறார்? 'அப்பம் கொணர்ந்தவர் அருகில் அமர்ந்தார்.' அப்புறம்தான் 'மன்னியும் என்றார்.'

பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மலரைப் பையிலிருந்து எடுத்தேன். அமர்ந்தார், மன்னியும் என்றார், தாழ்ந்தார், உகுத்தார், எழுந்தார், நடந்தார். எல்லாம் ஒரே ஆள். அப்பா கட்டிலை விட்டு எழுந்து எத்தனை மாதம்? மூத்திரத்துக்கே நான்தான் பிடித்தேன். எழுந்து வெளியே வெயிலில் நடந்த ஆள் ஒருத்தர்தான் அன்று.

குறைவிரல். கடவுளே, குறைவிரல்! நாங்கள் அதை என்றைக்காவது குறை என்று சொல்லியிருந்தால்தானே எனக்குத் தெரிவதற்கு. மொட்டை. என் மொட்டை.

வெயில் என்று நினைத்தேனே, அந்த நெற்றியில் மின்னியது எண்ணெய். பூசியது அப்பா.

இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணப்படி பக்கத்தில் இருக்கும் எழுவாயை எடுத்திருக்க வேண்டும். சாமியும் கூலிக்காரனும் ஒரு அறையில் இருந்தால் மன்னிப்புக் கேட்பது கூலிக்காரன்தான் என்று சிங்கராயர் புத்திக்குப் பட்டது, சரி. என் புத்திக்கும் அப்படியே பட்டதே! அதுதான் தாங்கவில்லை. வகுப்பிலேயே அழுதுவிட்டேன். டீச்சருக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்று ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டில் நீட்டியது.

ஜூலை 13, சனி

ஊருக்குப் போனதும் நேரே சாமி தங்கும் பங்களாவுக்குப் போனேன். கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை இன்னாசி பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஹெல்மெட் எங்க வீட்லயே கெடக்கு சாமி" என்று மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் மலரையும் விரித்து வைத்தேன். "மன்னியும்னு சொன்னது யாரு?"

அவர் முகம் வெளுத்தது. "பாவசங்கீர்த்தனத்துல நடந்தது டீச்சர். உயிரே போனாலும் சொல்லக்கூடாது."

"எங்கப்பா சொன்னது ரகசியம். அத நான் கேக்கல. நீங்க சொன்னது எப்படி சாமி ரகசியமாகும்?"

வெளியே இன்னாசி தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது.

"சொல்ல முடியாததுனாலதான் எழுதுனேன்" என்றார் கடைசியில். "யாராவது ஒருத்தர் புரிஞ்சுக்குவாங்கன்னு."

"ஊர்ல யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்கன்னும் நெனச்சுத்தான எழுதுனீங்க? எழுவாயை ஒளிச்சு வச்சுட்டு நிம்மதியாத் தூங்குறீங்க. அவரு அந்த விரலத் தூக்கவே என்ன பாடு பட்டுருப்பாருன்னு எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் பிடிக்க முடியாது அவரால."

சாமி உட்கார்ந்துவிட்டார். கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"பாவம் சொன்னவருக்கு அபராதம் குடுப்பீங்கள்ல, மூணு அருள்நிறை மந்திரம், ஒரு செபமாலைன்னு. எங்கப்பா ஒங்களுக்கு என்ன அபராதம் குடுத்தாரு சாமி?"

"அதையும் கேக்காதீங்க."

"கேக்க வேண்டியதில்ல. 'இந்த வருசம் வரும் பாரு'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது, ஆனால் காட்டவில்லை.

"கீழத்தெருவுக்குள்ள போகணும்னு பேரவையில சொன்னேன் டீச்சர்" என்றார். "ரெண்டு தடவ சொன்னேன். சப்பரத்த எறக்கி வச்சுட்டுப் போயிருவோம், திருவிழாவே நிக்கும்னாங்க. எனக்குத் தைரியம் பத்தல."

"அபராதம் பாதியில நிக்குதுன்னு அர்த்தம்" என்றேன். "கவிதைய நான் வாசிக்கிறேன். சிங்கராயர்ட்ட சொல்லிருங்க."

ஜூலை 16, செவ்வாய்

கொடியேற்றம். அரை நாள் லீவு போட்டுப் போய்வந்தேன். சிங்கராயர், "மனசு மாறிட்டீங்களே டீச்சர், சந்தோசம்" என்று கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

ஜூலை 25, வியாழன், மதியம்

அம்மா முறத்தில் உப்பையும் மிளகையும் கலந்து வைத்திருக்கிறாள். "வெயில் தாழ பம்புக்குப் போகணும், நீயும் வா" என்றாள். இந்த வருடம் வாசலிலேயே நில் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நீலச்சேலை கட்டியிருக்கிறேன். கவிதையை மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளை மேடை ஏற்றிவிடும்போது பயப்படாதே என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும். வலது தோள் வீங்கியிருக்கிறது, ஆனாலும் எழுதுவேன்.

கோயில் முற்றத்தில் மேடை. பூசை முடிந்து சப்பரம் தயாராக நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள். கவிதையை எழுத்து மாறாமல் வாசித்தேன். கைதட்டினார்கள். சிங்கராயர் எல்லாருக்கும் முன்னால் தட்டினார்.

"நான் தமிழ் டீச்சர்" என்றேன் மைக்கில். "எழுவாயைச் சொல்லாமல் இறங்கினால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதில் மன்னியும் என்றவர் சாமி. தலை தாழ்ந்தவர் சாமி. குறைவிரல் எங்கள் அப்பாவின் மொட்டைக் கட்டைவிரல், நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் தெருவுக்குள் சப்பரம் கொண்டுவராததற்காக ஒரு குரு, கல் உடைக்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டார். என் அப்பா யாருக்கும் பணியவில்லை. தலைப்பு தப்பு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "என்ன சாமி இது, இந்தம்மா பாட்டுக்குப் பேசுது!" என்று சிங்கராயர் மேடைக்கு ஏறினார். "இல்லைன்னு சொல்லுங்க!"

தனிஸ்லாஸ் சாமி மெதுவாக எழுந்தார். மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். வழக்கம்போல நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர் சொன்ன இலக்கணம் சரி" என்றார். அவ்வளவுதான். மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய்ச் சப்பரத்துக்கு முன்னால் நின்றார். சிங்கராயரும் வேறு வழியில்லாமல் போய் முன்கம்பில் தோள் கொடுத்தார்.

அடிபம்பு வந்தது. தூக்கியவர்கள் வழக்கம்போல இடதுபக்கம் திரும்ப, சாமி குறுக்கே நின்றார். "நேரா" என்றார்.

"சாமி, வேணாம்."

"நேரா போகணும் சிங்கராயர். இது எனக்குக் குடுத்த அபராதம்."

சிங்கராயர் தோளை எடுத்தார். எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள். சப்பரத்தை முட்டுக்கட்டைமேல் இறக்கி வைத்துவிட்டு, மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மேலத்தெரு திரும்பிப் போய்விட்டது. பம்படியில் குதிரைமேல் சந்தியாகப்பர், பக்கத்தில் அங்கியோடு சாமி, அப்புறம் நாங்கள். நடுத்தெருவிலிருந்து நாலைந்து பேர் போகாமல் தயங்கி நின்றார்கள்.

எங்கள் தெரு ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அந்தக் கம்பை எங்கள் ஆள் யாரும் தொட்டதில்லை. சாமி போய்ப் பின்கம்பில் தோள் கொடுத்தார். இன்னாசி அவருக்குப் பக்கத்தில். சிங்கராயர் விட்டுப்போன முன்கம்பு வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது.

பொம்பளை தொடக்கூடாது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அடியில் தோளைக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

மேளம் இல்லை. வீட்டு வாசலில் அம்மா முறத்தோடு நின்றாள். பக்கத்தில் அப்பா நிற்கும் இடத்தை விட்டுத்தான் நின்றாள். சப்பரம் முன்னால் வந்ததும் உப்பை அள்ளினாள். கை பாதியில் நின்றது.

"வந்துட்டாருங்க" என்றாள், அந்தக் காலி இடத்தைப் பார்த்து. அப்புறம்தான் போட்டாள். உப்பு என் தலையிலெல்லாம் விழுந்தது.

ஜூலை 29, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் தோன்றா எழுவாய்க்கு இன்னும் ஒரு உதாரணம் கேட்டார்கள். தோள் வலியோடு போர்டில் எழுதினேன்: 'தூக்கினோம்.'

"யாரு டீச்சர்?" என்றது ஒரு பிள்ளை.

அதிலேயே இருக்கிறது, விகுதியைப் பார் என்றேன்.